வானத்துக்கு மொய் எழுதும் மொட்டை மாடி

கோடை தொடங்கினால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். இந்த முறை ஒரு வாசகர் கொஞ்சம் காரமாகவே கேட்டிருக்கிறார்: "உலகத்திலேயே வெள்ளையான பெயிண்டை அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்களாம். மாடிக்கு அடித்தால் ஏசியே வேண்டாமாம். நிஜமா, இல்லை இதுவும் அந்த வகைதானா?"

பெயிண்ட் நிஜம். ஏசி வேண்டாம் என்பதுதான் அந்த வகை.

இந்தியானா மாநிலத்தில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் ஷியூலின் ருவான் என்ற பேராசிரியரின் குழு 2021இல் இந்தப் பெயிண்டை வெளியிட்டது. மேலே விழும் வெயிலில் 98.1 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது. கின்னஸை விடுங்கள், அங்கே நீளமான நகத்துக்கும் இடம் உண்டு. வியக்க வேண்டிய விஷயம் வேறு. நடுப்பகல் வெயிலில் வைத்த இந்தப் பூச்சு, சுற்றியிருக்கும் காற்றைவிடச் சுமார் 4.5 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தது. மின்சாரம் இல்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. வெயிலில் கிடக்கும் பொருள் நிழலைவிடக் குளிர்வது எப்படி?

சூடான பொருள் எல்லாம் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். 30 டிகிரியில் இருக்கும் மொட்டை மாடி, சதுர மீட்டருக்குச் சுமார் 480 வாட் வீதம் மேல்நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இதை மொய்க் கணக்காக எழுதிப் பார்ப்போம். ஒரு வாட் ஒரு ரூபாய். மாடி 480 ரூபாய் மொய் எழுதுகிறது. பந்தலில் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும். வாங்கியதை வைத்துக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் கிடையாது. கையோடு திருமொய் செய்துவிடுவார்கள். மாடிக்கோ கையிருப்புதான் சூடு. போன பணம் திரும்பி வராமல் இருந்தால்தான் அதற்கு நிம்மதி.

நல்லவேளையாக, இந்த உறவினர்கள் எல்லா நோட்டையும் வாங்குவதில்லை. நீராவிக்கு 6 மைக்ரான் அலைநீளத்தின் பக்கம் ஆசை. கார்பன் டை ஆக்சைடுக்கு 15 மைக்ரான் பக்கம். இடையில் 8 முதல் 13 மைக்ரான் வரை உள்ள நோட்டுகளை, உயரத்தில் இருக்கும் ஓசோன் கொஞ்சம் எடுத்துக்கொள்வதைத் தவிர, பெரிதாக யாரும் சீண்டுவதில்லை. அந்த நோட்டில் எழுதிய மொய் பந்தலைத் தாண்டி நேராக விண்வெளிக்குப் போய்விடும். விண்வெளி மைனஸ் 270 டிகிரியில் கிடக்கும் பரம ஏழை. அங்கிருந்து திருமொய் வந்ததாகச் சரித்திரம் இல்லை. இதில் இன்னொரு பொருத்தமும் சேர்ந்துகொள்கிறது: 30 டிகிரிப் பொருள் மிக அதிகமாக வெளிவிடும் கதிர், பத்து மைக்ரானுக்குச் சற்றுக் கீழே, சரியாக இந்தச் சந்துக்குள்தான் விழுகிறது. மேகமில்லாத வறண்ட வானத்தில் 480 போனால் 380 போலத் திரும்பும். நூறு ரூபாய் கழன்றுவிடும்.

பகலில்தான் சிக்கல். சூரியன் என்ற பண்ணையார் வந்து சதுர மீட்டருக்கு 1,000 ரூபாயை மடியில் கொட்டுகிறார். வெறும் கான்கிரீட் தளம் அதில் 650 போல வாங்கிக்கொள்ளும். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பெயிண்ட் 80 முதல் 90 சதவிகிதத்தை மறுத்துவிடும். 85 என்று வைத்தால் மடியில் தங்குவது 150. கழன்றது 100, வந்தது 150. காற்றைவிட மாடி சூடாகத்தான் இருக்கும். 98.1 சதவிகிதத்தை மறுத்தால் தங்குவது வெறும் 19. இப்போதுதான் கணக்கு தலைகீழாகிறது, பண்ணையார் எதிரில் நிற்கும்போதே மாடி ஏழையாகிறது. கடைசிப் பதின்மூன்று சதவிகிதத்துக்காகத்தான் இத்தனை வருட ஆராய்ச்சி.

அந்தப் பதின்மூன்றை எங்கே பிடித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சாதாரண வெள்ளைப் பெயிண்டில் வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. கண்ணுக்கு அது அப்பழுக்கற்ற வெள்ளை. புறஊதாவில் பார்த்தால் கருப்பு. வெயிலின் ஆற்றலில் நூற்றில் நான்கைந்து பங்கு புறஊதாவாக வருகிறது. அதை டைட்டானியம் விழுங்கிவிடும். பர்டூ குழு அதைத் தூக்கிவிட்டு பேரியம் சல்ஃபேட்டைப் போட்டது. வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் சுண்ணாம்புக் கரைசல் போல ஒன்றைக் குடிக்கச் சொல்வார்களே, அதே சரக்கு. புறஊதாவை அது தொடாது. துகள்களை ஒரே அளவில் அரைக்காமல், பல அளவுகளில் கலந்தார்கள். ஒவ்வொரு அளவும் வெயிலின் ஒவ்வொரு நிறத்தை நன்றாகச் சிதறடிக்கும் என்பதால் எந்த நிறமும் தப்பவில்லை. அதற்கு மேல் ஒரு வரம்: சல்ஃபேட்டில் கந்தகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு அதிரும்போது வெளிவருவது சுமார் 9 மைக்ரான் கதிர். சந்துக்குள் செல்லும் அதே நோட்டு. வெயிலுக்கு வெள்ளை, அகச்சிவப்புக்குக் கருப்பு என்று இரட்டை வேடம் போடும் பொடி இது.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பத்தி. வெயிலிலேயே இதைச் செய்ய முடியும் என்று 2014இல் காட்டியது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். ஆஸ்வத் ராமன், ஷான்ஹூய் ஃபான் குழு வெள்ளிப் படலத்தின் மேல் ஹாஃப்னியம், சிலிக்கான் ஆக்சைடுகளை ஏழு அடுக்காகப் படியவைத்து, காற்றைவிட 4.9 டிகிரி இறக்கியது. இரவில் இது நடப்பது பழைய சங்கதி. அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் குழி வெட்டி, கரும்புத் தட்டை பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் வைத்து, விடிவதற்குள் பனிக்கட்டி அள்ளினார்கள் என்று ராபர்ட் பார்க்கர் 1775இல் எழுதியிருக்கிறார். பனித்துளி எப்படி உருவாகிறது என்று 1814இல் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் எழுதிய பிறகுதான் அதன் காரணம் தெளிவானது. வரலாறு போதும்.

இனி விளம்பரத்துக்கு வருவோம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் இதை அடித்தால் 10 கிலோவாட் குளிர்ச்சி என்று பர்டூ சொன்னது. கிட்டத்தட்ட மூன்று டன் ஏசி. வறண்ட வானத்தில் சரி. சென்னையிலும் தூத்துக்குடியிலும் பந்தல் நிறைய நீராவி. புழுக்கம் கூடக்கூட, 8 முதல் 13 மைக்ரான் நோட்டையும் அது வாங்கத் தொடங்கிவிடும். 480 எழுதினால் 420, 430 திரும்பி வரும். பண்ணையாரின் 19ஐயும் கழித்தால் மிஞ்சுவது முப்பது, நாற்பது. மேகம் வந்தால் அதுவும் இல்லை. ஈரமான ஹாங்காங்கில் இவ்வகைக் குளிரூட்டியை வெளியில் வைத்துப் பார்த்தபோது இரவில் வேலை செய்தது, பகலில் பலனில்லை.

பிறகு தூசி. நம் மாடியில் டேங்க் வழியும், பாசி பிடிக்கும், காகம் தன் பங்கைச் செய்யும், வடகம் காயும். 98 என்பது ஆய்வகத்தின் எண். இரண்டு மழைக்குப் பிறகு என்ன எண் என்பதுதான் வீட்டுக்காரருக்கு வேண்டியது. அமெரிக்காவில் கூரைப் பூச்சுகளுக்குப் புதிதில் ஓர் அளவு, மூன்று ஆண்டு வெளியில் கிடந்த பிறகு ஓர் அளவு என்று இரண்டையும் பதிவு செய்கிறார்கள். நம் ஊர் டப்பாவில் முதல் அளவைத்தான் பெரிய எழுத்தில் பார்க்கிறோம். "பத்து டிகிரி குறையும்" என்ற வாசகத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. குறைவது தளத்தின் மேற்பரப்பிலா, அறைக்குள்ளா? 60 டிகிரித் தளத்தை 50 ஆக்குவது எளிது. அறைக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி குறைந்தாலே பெரிய விஷயம், அதுவும் மேல் மாடிக்கு மட்டும்.

பூமியின் பரப்பில் ஒன்று இரண்டு சதவிகிதத்தை இப்படிப்பட்ட பொருளால் மூடினால் புவி சூடாவதை நிறுத்திவிடலாம் என்றும் ஒரு கணக்கு உலவுகிறது. அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஒரு சதவிகிதம் என்பது ஒன்றரை இந்தியா, அவ்வளவுதான். பேரியம் தாது நம் பக்கத்து ஆந்திராவில் மங்கம்பேட்டையில் மலையாகக் கிடந்தாலும் அந்தப் பந்திக்குக் காணாது.

அப்படியானால் வெள்ளையடிப்பது வீணா? மொய் நோட்டை இன்னொரு முறை புரட்டுங்கள். வெறும் கான்கிரீட் வாங்கியது 650. சாதாரண வெள்ளைப் பூச்சு வாங்கியது 150. மிச்சம் 500. அங்கிருந்து பர்டூவின் அதிசயத்துக்குத் தாவினால் இன்னும் 131. ஆதாயத்தில் பெரும்பங்கை மலிவான முதல் படியே கொடுத்துவிடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளும் செய்தித் தலைப்புகளும் கடைசிப் படிக்குப் போகின்றன. இயற்பியலுக்கு அது நியாயம். கூரைக்கு முதல் படியே போதும்.

ஏசியோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் தெரியும். ஏசி சூட்டை அழிப்பதில்லை, தெருவுக்குத் தள்ளுகிறது. ஏசிகள் கக்கும் வெப்பத்தால் ஃபீனிக்ஸ் நகரின் சில பகுதிகளில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் கூடுகிறது என்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2014இல் கணித்தது. வெள்ளைக் கூரை தன் வெப்பத்தை அடுத்த வீட்டு வாசலில் கொட்டுவதில்லை.

அதிகம் பயன்பெறுவது தகர ஷீட்டும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட வீடுகள். அங்கே கூரைக்கும் தலைக்கும் நடுவில் தடுக்க எதுவும் இல்லை, மேலே குறைவது அப்படியே கீழே தெரியும். அகமதாபாத் 2017இல் இத்தகைய வீடுகளில் தொடங்கியது. தெலங்கானா 2023இல் குளிர்க்கூரைக் கொள்கையே வகுத்து, 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் என்று இலக்கு வைத்திருக்கிறது. இப்படி ஒரு திட்டம் உங்கள் ஊருக்கு வந்தால் பெயிண்டின் சதவிகிதத்தை விசாரிக்க வேண்டாம். 85 போதும். முதல் பூச்சுக்குத் திறப்பு விழா கட்டாயம் இருக்கும். மூன்றாம் ஆண்டுப் பூச்சுக்கு நிதி ஒதுக்கியிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.