வீட்டுத்தோட்டத்திற்கு நெடுங்காலம் வாழும் பூஞ்செடிகள்

வயலையும் தோட்டத்தையும் நம்பி வாழும் குடும்பத்தினருக்குப் பூஞ்செடிகளைப் பேணுவதற்கு ஓய்வு கிடைப்பது அரிது. உலர் வலயத்தில் புரட்டாதி, ஐப்பசியில் பெரும்போக விதைப்பு. அதன்பின் களைபிடுங்கலும் பசளையிடலும். தை, மாசியில் அறுவடை. மழை பெய்து செடிகள் செழிக்கும் காலத்தில் வீட்டாருக்கு நேரமில்லை. நேரம் கிடைக்கும் ஆடி, ஆவணியிலோ கிணற்றில் நீர் அடியில் நிற்கும். இந்நிலையிலும் முற்றத்தில் நாலு பூ மலர்ந்திருக்க வேண்டுமென்று விரும்பாத வீடு இல்லை. காலைப் பூசைக்குப் பூ வேண்டும். பெண்களின் கூந்தலுக்கு மல்லிகை வேண்டும். வருவோர் கண்ணுக்கு முற்றம் அழகாயிருத்தலும் வேண்டும்.

சீனியா, கொஸ்மொஸ், காசித்தும்பை முதலிய ஒருபோகப் பூஞ்செடிகள் இத்தேவையை நிறைவேற்ற மாட்டா. அவை மூன்று நான்கு மாதங்களிற் பூத்து, விதைத்து, மடிந்துவிடும். மறுபடியும் பாத்தி கட்டுதல், விதை தேடுதல், நாற்று நடுதல் ஆகிய வேலைகள் யாவும் வயல்வேலை மிகுந்த நாட்களிலேயே வந்து சேரும். ஆகவே ஒருமுறை நட்டாற் பல ஆண்டுகள் நின்று பூக்கும் பல்லாண்டுச் செடிகளே கமக்காரர் வீட்டுக்கு ஏற்றவை.

எனினும், பல்லாண்டுச் செடிகள் அனைத்தும் நெடுங்காலம் வாழ்வன அல்ல. பட்டிப்பூ என்றும் நித்தியகல்யாணி என்றும் வழங்கும் செடி இரண்டு மூன்று ஆண்டுகள் செழித்துப் பூத்தபின் தண்டு முற்றிச் சோர்ந்துவிடும். அதன் கீழே தானாக முளைத்த கன்றுகளே அதன் இடத்தைப் பிடிக்கின்றன. நன்கு கவாத்துச் செய்யப்படும் மல்லிகை பத்து ஆண்டுகளுக்கு மேல் பயன் தரும். செவ்வரத்தை, நந்தியாவட்டை என்பன அதனினும் நெடுநாள் நிற்கும். ஈழத்தலரியோ நட்டவரின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பூத்துக்கொண்டிருக்கும். விகாரைகளிலும் கோயில்களிலும் நிற்கும் முதிய ஈழத்தலரி மரங்களே இதற்குச் சான்று.

ஒருபோகச் செடியைத் தவறாகத் தெரிந்தெடுத்தால் அப்பிழை ஒரு போகத்துடன் முடிந்துவிடும். நெடுங்காலம் வாழும் செடியைத் தவறாகத் தெரிந்தெடுத்தால் அதன் விளைவு அவ்வளவு காலமும் நிலைத்து நிற்கும். சிலவேளைகளில் வேலியையுந் தாண்டிச் செல்லும். ஆகாயத்தாமரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ஊதாநிறப் பூவின் அழகுக்காகவே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது நீர்நிலைகளிற் பரவியமையால், 1909ஆம் ஆண்டில் அதனை அடக்குவதற்கெனவே ஒரு சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. நூறாண்டுக்கு மேலாகியும் குளங்களிலும் வாய்க்கால்களிலும் அதன் தொல்லை ஒழிந்தபாடில்லை. அழகுச்செடியாக வந்து, இன்று காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடி, கால்நடைகளுக்கும் நஞ்சாய் நிற்கும் நாயுண்ணியின் கதையும் இதுவே. ஆகவே, யாரேனும் புதிய செடியொன்றைத் தந்து, "எங்கே எறிந்தாலும் முளைக்கும்" என்று புகழ்ந்தால், அப்புகழ்ச்சியை எச்சரிக்கையாகவே கொள்ளுதல் வேண்டும்.

ஆடி, ஆவணியை நினைத்துத் தெரிதல்

கார்த்திகை மழையில் எந்தச் செடியும் அழகாகவே தோன்றும். அப்பொழுது அயல்வீட்டிற் கண்டு மயங்கி வாங்கிய செடி, சோளகக் காற்று வீசும் ஆடி மாதத்தில் எவ்வாறிருக்கும் என்பதே கேள்வி. அந்த இரண்டு மாதங்களையும் வாரத்துக்கு ஒரு வாளி நீருடன் கடக்கக்கூடிய செடிதான் கமக்காரர் முற்றத்தில் நிலைக்கும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைக்கும் நீரைப் பூஞ்செடிக்குப் பங்கிடுவது நெடுநாள் நடவாது.

இத்தேர்வில் முதலிடம் பெறுவன ஈழத்தலரியும் போகன்விலாவுமாகும். ஈழத்தலரி வரட்சியில் இலையை உதிர்த்து, சதைப்பற்றுள்ள கிளைகளிற் சேர்த்த நீரைக் கொண்டு காலங் கழிக்கும். கடற்கரையை அடுத்த ஊர்களிற் சிறிது உவர் கலந்த கிணற்று நீரையும் அது பொறுத்துக்கொள்ளும். போகன்விலாவோ நீர் குறைந்தபோதே மிகுதியாகப் பூக்கும் இயல்புடையது. நாள்தோறும் நீரும், வயலுக்கு வாங்கியதில் மிஞ்சிய யூரியாவும் பெறும் போகன்விலா இலையும் முள்ளுமாகவே வளரும், பூவைக் காணமுடியாது. வயலில் மிஞ்சிய யூரியாவைப் பூஞ்செடிக்குக் கொட்டும் வழக்கத்தைக் கைவிடுதல் எச்செடிக்கும் நன்று. போகன்விலாவின் முட்கள் கொடியன. ஆதலால் கிணற்றடியிலும் நடைபாதையிலும் அதனை நடாது வேலியோரத்தில் நடவேண்டும்.

நந்தியாவட்டை மேலே கூறிய இரண்டையும் போல வரட்சியை முற்றாகத் தாங்காவிடினும், வேரூன்றியபின் சிறிதளவு நீருடன் ஆண்டின் பெரும்பகுதியும் வெண்ணிறப் பூக்களைத் தரும். அதன் இலையையும் தண்டையும் முறித்தாற் பால் வடிவதால் ஆடுமாடுகள் பெரும்பாலும் அதனை நாடுவதில்லை. வேலி அடைப்பில்லாத முற்றங்களுக்கு இது பெரும் நன்மை. பூசைப் பூவுக்கென ஒரேயொரு செடி நட இடமுள்ளவர் நந்தியாவட்டையை நடுவதே சிறந்தது.

செவ்வரத்தையை விரும்பாதவர் இல்லை. ஆடுகளும் அதனை அவ்வாறே விரும்புகின்றன என்பதுதான் இடர். செடி ஆளுயரம் வளரும்வரை கிடுகாலோ முட்கிளைகளாலோ காவல் இட்டே தீரவேண்டும். ஒவ்வொரு பூவும் பெரும்பாலும் ஒருநாளே நிற்கும்; ஆனால் புதிய தளிர்களில் தொடர்ந்து அரும்பு கட்டும். ஆதலால் ஆண்டுதோறும் மழைக்கு முன் கிளைகளில் மூன்றிலொரு பங்கை வெட்டிவிடுதல் வேண்டும். வெட்டாது விட்ட செடி உயர்ந்து வளர்ந்து, பூவை எட்டாத உச்சியில் மட்டும் காட்டும்.

வெட்சி, அதாவது எக்சோரா, புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திலும் சுண்ணாம்பு கலந்த கிணற்று நீரிலும் அதன் இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தோன்றுவதுண்டு. இது பூச்சியாலோ நோயாலோ நேர்வதன்று. மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதனை எடுக்கமுடியாமையே காரணம். சாணமும் இலைக்குப்பையும் நிறைய இட்டால் ஓரளவு தேறும். எனினும் சீமெந்துச் சுவரின் அடியில் அதனை நடவே கூடாது. தென்மேற்கின் ஈரவலயத்திலும் மலையடிவாரங்களிலும் உள்ளவர்கள் இக்கவலையின்றி வெட்சியை நடலாம்.

மல்லிகைக்கு வெயிலும் கவாத்தும் இன்றியமையாதவை. தமிழ்நாட்டில் குண்டுமல்லிச் செய்கையாளர் கார்த்திகை நடுவில், நவெம்பர் இறுதியளவில், புதர்களைத் தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரத்தில் வெட்டிவிடுகின்றனர். பங்குனி முதல் பூ நிறைகின்றது. இங்கு வடகீழ்ப் பருவமழை மார்கழி வரை நீடிப்பதால், கடுமழை ஓய்ந்தபின் வெட்டுதல் நன்று. கோடையில் மல்லிகைக்கு நீர் வேண்டியிருப்பதால் அதனைக் கிணற்றடியில், வாளியிற் சிந்தும் நீர் பாயும் இடத்தில் நடவேண்டும். பாத்திரங் கழுவிய நீர் ஓடித் தேங்கும் மூலைக்குக் கல்வாழையை விடச் சிறந்ததொன்றில்லை. அது கிழங்கிலிருந்து பெருகுவதால் மூன்றாண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து நட்டால் போதும்.

மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளருக்கு இந்நிரல் பொருந்தாது. நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் ரோசா, அகப்பந்தசு, ஐதரேஞ்சியா என்பன பல்லாண்டு நின்று பூக்கும். ஐதரேஞ்சியா புளிப்பு மண்ணில் நீலமாகவும், சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூப்பது. கோவாப் பாத்திக்கு இட்ட சுண்ணாம்பு வரம்பு கடந்து சென்றதா என்பதை அதன் பூவே காட்டிவிடும்.

எல்லாத் தேர்விலும் தேறி, நடத்தகாத செடி

வரட்சியைத் தாங்குவதிலும், ஆடுமாடு தின்னாமையிலும், கவனிப்பாரின்றிப் பூப்பதிலும் அலரிக்கு இணையான செடி அரிது. செவ்வலரி, வெள்ளலரி, மஞ்சள் அலரி ஆகிய யாவும் மேற்கூறிய தேர்வுகளிற் சிறப்பாகத் தேறுகின்றன. வீதியோரங்களிலும் வேலிகளிலும் அவை மலிந்திருப்பதற்கும் இதுவே காரணம். ஆயினும் அவற்றின் இலை, பட்டை, பூ, விதை ஆகிய எல்லா உறுப்புக்களிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. பச்சையாக நிற்கும்போது கால்நடை விலகிச் சென்றாலும், வெட்டி வாடிய இலை புல்லுடன் கலந்துவிட்டால் அதைத் தின்று மாடு இறப்பதுண்டு. மஞ்சள் அலரியின் விதையினால் 1980களிலிருந்து வட இலங்கையிலும் பின்னர் பிற பகுதிகளிலும் நேர்ந்த உயிரிழப்புகள் மருத்துவ உலகைப் பெரிதும் கவலைக்குள்ளாக்கின. ஆகவே பிள்ளைகளும் கால்நடைகளும் உள்ள வீட்டு வளவில் அலரியை நடுதல் தகாது. மஞ்சள் அலரி முன்பே நின்றால் வேரோடு அகற்றுதலே முறை. வெட்டிய கிளைகளை விறகாக்காமலும் எரிக்காமலும், கால்நடைகள் எட்டாத ஆழக்குழியில் இட்டு மூடவேண்டும். பின்னர் கைகளைக் கழுவவேண்டும். எவரேனும் அலரியின் எப்பகுதியையேனும் உட்கொண்டதாக ஐயம் எழுந்தால், கைவைத்தியத்திற் காலங் கடத்தாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

பெயரொற்றுமையால் ஈழத்தலரியையும் அலரி இனமென அஞ்சிச் சிலர் வெட்டிவிடுகின்றனர். சிங்களத்தில் அதற்கு அரலியா என்று பெயர். அதன் பால் தோலிலும் கண்ணிலும் எரிவு உண்டாக்குமாதலால் கிளை வெட்டுகையில் எச்சரிக்கை வேண்டும். ஆயினும் அலரியின் இதயநஞ்சை அதனுடன் சேர்த்து எண்ணவேண்டியதில்லை.

மரக்கறிப் பாத்திக்கு அயலில்

பூஞ்செடி பயிருக்கு உறவோ பகையோ என்பதும் நோக்கத்தக்கது. செவ்வரத்தையும் வெண்டியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றன் பூச்சி மற்றொன்றுக்கு எளிதாகத் தாவும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாசி மாவுப்பூச்சி, பப்பாசியை மட்டுமன்றி மரவள்ளி, செவ்வரத்தை, ஈழத்தலரி ஆகியவற்றையும் பற்றியது. மறுவருடம் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகளினால் அதன் கொடுமை தணிந்தது. இலையின் அடியில் வெள்ளை மா பூசியது போன்று காணப்பட்டால் அக்கிளையை வெட்டி அழித்தலே முதல் வேலை. கண்டதும் கடும் பூச்சிநாசினி தெளிப்பவர், உதவிக்கு வந்த குளவிகளையே கொல்லுகின்றார்.

பட்டிப்பூவில் வேறொரு கவனம் தேவை. கத்தரியின் சிற்றிலை நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் இச்செடியிலும் வாழும். தத்துப்பூச்சிகள் அதனைச் செடிக்குச் செடி கொண்டுசெல்லும். பட்டிப்பூவின் இதழ்கள் நிறமிழந்து பச்சை இலைபோல் மாறினால் அச்செடியைத் தாமதியாது பிடுங்கி எரித்துவிட வேண்டும். கத்தரிப் பாத்தியின் ஓரத்தில் பட்டிப்பூவை நடாமை எல்லாவற்றிலும் மேல்.

மறுபுறம், பூசணி, பாகல், வெள்ளரி என்பன காய்ப்பதற்குத் தேனீ வேண்டும். அடுக்கிதழ்ப் பூக்களிற் தேனும் மகரந்தமும் குறைவு. ஒற்றை இதழ்ச் செடிகளையும், பந்தலுக்கு அண்மையில் இரண்டொரு துளசிச் செடிகளையும் வைத்திருத்தல் தேனீக்களை அழைக்கும்.

நடும் முறை

இச்செடிகளுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. அயல்வீட்டுக் கிளை போதும். செவ்வரத்தை, நந்தியாவட்டை ஆகியவற்றில் பென்சில் தடிப்புள்ள, மிக முற்றாத கிளைகளை ஆறு முதல் எட்டு அங்குல நீளத்தில் வெட்டி, கீழிலைகளை நீக்கி, இரு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு பைகளில் நட்டு நிழலில் வைக்கவேண்டும். ஆடி இறுதியிற் பதித்தால் ஐப்பசி மழைக்குக் கன்று ஆயத்தமாகிவிடும். ஈழத்தலரிக்கு மட்டும் இம்முறை ஆகாது. ஓரடிக்கு மேற்பட்ட கிளையை வெட்டி, வெட்டுவாயிற் பால் உலரும்வரை ஒரு வாரத்துக்கு மேல் நிழலிற் கிடத்தி, மாரி ஓய்ந்த தை, மாசியில் நடவேண்டும். கார்த்திகை மழையில் நட்டால் அடி அழுகிவிடும்.

செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் ஐந்தடி, மல்லிகைக்கு நாலடி, ஈழத்தலரிக்கு வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் பன்னிரண்டு அடியேனும் இடைவெளி விடுக. ஒன்றரையடிக் குழி தோண்டி, அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை உட்புறம் மேல்நோக்கி அடுக்கி, மேலே சாணமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பினால் மட்டை நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஈழத்தலரிக் குழிக்கு மட்டை வேண்டாம். நட்ட முதலாவது கோடையே கன்றுக்குக் கண்டம். அவ்வாண்டில் மட்டும் வாரம் இருமுறை மாலையில் நீர் ஊற்றி, அடியைச் சுற்றி வைக்கோல் பரப்புக. வைக்கோல் தண்டைத் தொடாது நாலு அங்குலம் விலகியிருத்தல் வேண்டும். இல்லையேற் கறையான் ஏறிவிடும்.