காந்தம் ஓயாது உழைக்குமா?

எண்ணெயும் வேண்டாம், நிலக்கரியும் வேண்டாம். காந்தங்கள் சிலவற்றைச் சக்கரத்தில் பொருத்திவிட்டால் அது தானே சுழன்று வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கும் என்னும் பேச்சு புதியதன்று. இன்று அது கைபேசித் திரையில் சுழன்று காட்டுகிறது. ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன் அது ஒரு கடிதத்தில் வரையப்பட்டது. அக்கடிதத்தை எழுதியவர் அறிவிலி அல்லர் என்பதை நாம் முதற்கண் மனத்திற் கொள்ளவேண்டும்.

1269-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள். தென் இத்தாலியின் லூச்சேரா நகரைச் சிசிலி மன்னர் அஞ்சூ சார்லசின் படை முற்றுகையிட்டிருந்தது. அப்பாசறையிலிருந்து மாரிக்கூர் பேதுரு என்னும் பிரெஞ்சுக்காரர் தம் நண்பருக்கு மடல் ஒன்று வரைந்தார். திருப்பயணி எனப் பொருள்படும் 'பெரெகிரீனுஸ்' என்பது அவரது சிறப்புப் பெயர். காந்தத்திற்கு இரு துருவங்கள் உண்டு, வேற்றுத் துருவங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும், காந்தத்தை இரண்டாக உடைத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு முழுக் காந்தமாகும் என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாடங்களைச் சோதித்துத் தெளிவுற எழுதிவைத்தவர் அவரே. பிரான்சிஸ்கு சபைத் துறவி ரோஜர் பேக்கன் சோதனைக் கலையில் வல்லவர் எனப் புகழ்ந்த பேதுரு ஆசிரியர் இவரே என்பது அறிஞர் பலரின் கருத்து.

இத்தகையவரே மடலின் இறுதியில், காந்தத்தால் இழுக்கப்பட்டு ஓயாமல் சுழலும் பற்சக்கரம் ஒன்றையும் வரைந்து காட்டினார். மடலின் வேறோரிடத்தில், துருவங்களில் தாங்கி நிறுத்திய காந்தக் கோளம் வானத்தோடு ஒத்துத் தானே சுழலும் என்றார். சுழலாவிடில் குற்றம் இயற்கையினுடையதன்று, செய்பவரின் திறமைக் குறைவே என்றும் சேர்த்துக்கொண்டார். பின்வந்தோர் பலருக்கு இச்சமாதானம் பெருந்துணையாயிற்று!

பிற்காலத்தில் செஸ்டர் நகரின் ஆங்கிலிக்கன் ஆயரான ஜான் வில்கின்ஸ், 1648-இல் வெளியிட்ட நூலில் இன்னொரு கருவியை விவரித்தார். தூணின் உச்சியில் காந்தக்கல்; அதை நோக்கி ஏறும் சாய்பலகை. இரும்புக் குண்டு காந்தத்தால் இழுபட்டுப் பலகையில் ஏறும். உச்சிக்குச் சற்று முன்னுள்ள துளை வழியே வீழ்ந்து, கீழேயுள்ள வளைபலகையில் உருண்டு, புறப்பட்ட இடத்தை அடைந்து, மீண்டும் ஏறும். படத்தில் பார்க்கையில் குறையே தெரியாது. குறையைக் கண்டு சொன்னவரும் வில்கின்சே. அடியிலுள்ள குண்டை மேலே இழுக்கவல்ல காந்தம், அருகில் வந்துவிட்ட குண்டைத் துளையில் விழ விடுமா? நெருங்க நெருங்க இழுப்பு வலுக்குமேயன்றித் தளராது. விழவிடும் அளவுக்குக் காந்தம் மெலிந்ததாயின் அடியிலுள்ள குண்டை அது அசைக்கவும் செய்யாது.

எத்தனை காந்தங்களை எவ்விதம் அடுக்கினும் நிலைமை இதுவே. அணுகும்போது காந்தம் கொடுக்கும் வேகத்தை, விலகும்போது அதுவே திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஒரு சுற்று முடிந்தால் மிச்சம் ஒன்றுமில்லை. உராய்வும் காற்றும் தத்தம் பங்கை எடுத்தபின் நிற்பது கடனே. காந்தம் பல்லாண்டுகள் இரும்பைப் பற்றிக்கொண்டிருக்கிறதே, அச்சக்தி எங்கிருந்து வருகிறது என வினவுவாரும் உளர். சுவரில் அறைந்த ஆணியும் பல்லாண்டுகள் நாள்காட்டியைத் தாங்குகிறது. அதற்கு நாம் தீனி போடுவதில்லை. தாங்குவது வேறு, வேலை செய்வது வேறு. மிதிவண்டி டைனமோவிலும் காந்தம் உண்டு. விளக்கேற்ற அதைச் சக்கரத்தோடு சேர்த்தவுடன் மிதிப்பது கடினமாவதை ஓட்டியவர் அறிவர். ஒளிக்கு விலை கொடுப்பவை கால்களே; காந்தம் இடைத்தரகர்.

பாரிசு நகரின் அரச விஞ்ஞானக் கழகம், ஓயா இயக்க யந்திரங்களை இனி ஆராய்வதில்லை என 1775-இல் தீர்மானித்தது. அதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று நம் நெஞ்சைத் தொடுகிறது. இம்முயற்சி ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை அழித்தது. பெருந்தொண்டு ஆற்றியிருக்கக்கூடிய கைவினைஞர் தம் பொருளையும் காலத்தையும் அறிவையும் அதில் தொலைத்தனர் என்றது கழகம். சக்தியைப் புதிதாய் ஆக்க இயலாது என்னும் விதியை மாயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்சு ஆகியோர் 1840-களில் நிலைநாட்டுவதற்கு முன்னரே எழுந்த குரல் இது.

ஆயினும் ஆசை அடங்கவில்லை. 2006-இல் டப்ளின் நகரின் ஸ்டியோர்ன் நிறுவனம், காந்தங்களால் இலவச சக்தி பெறும் வழியைக் கண்டதாக 'எக்கானமிஸ்ட்' இதழில் விளம்பரம் செய்து, சோதித்துப் பார்க்குமாறு விஞ்ஞானிகளை அழைத்தது. 2007 ஜூலையில் லண்டனில் காட்சிக்கு ஏற்பாடாயிற்று, யந்திரம் ஓடவில்லை. விளக்குகளின் வெப்பமே காரணம் என்றனர். 2009 ஜூனில் 22 பேர் கொண்ட குழு, சக்தி உண்டானதாக மெய்ப்பிக்கப்படவில்லை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2016-இல் நிறுவனம் மூடப்பட்டபோது, முதலீட்டாளர் இட்ட 2 கோடி யூரோவுக்கு மேற்பட்ட பணம் கரைந்திருந்தது.

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனை ஆண்டவர் உவமையில் காட்டினார். பிள்ளைகளின் படிப்புக்கெனச் சேர்த்த பணத்தை எடுத்து இத்தகைய யந்திரத்திற்கு முன்பணம் கட்ட எண்ணுவோர் செய்யவேண்டிய கணக்கும் எளியதே. யந்திரத்தை நம் வீட்டு மேசைமேல் வைக்கச் சொல்லவேண்டும். மூடியைத் திறந்து, உள்ளே பேட்டரி இல்லை, வெளியே கம்பி இல்லை எனக் காணவேண்டும். பிறகு அது ஒரே ஒரு விளக்கை ஒரு மாதம் இரவும் பகலும் எரிக்கட்டும்; விலையை அதன்பின் பேசலாம்.