ஓட்டக் களைப்பில் மனம் போடும் கணக்கு

நல்ல பயிற்சி உள்ள 16 ஓட்டக்காரர்களிடம் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சின்ன ஏமாற்று வேலை செய்தார்கள். முடிவு 2005-இல் வெளியானது. டிரெட்மில்லில் ஒரே வேகத்தில் மூன்று தனித்தனி ஓட்டங்கள். ஒன்றில், 20 நிமிடம் ஓட வேண்டும் என்று முன்பே சொன்னார்கள். இன்னொன்றில், 10 நிமிடம் என்று சொல்லி ஓடவிட்டு, அது முடியும் நேரத்தில் இன்னும் 10 நிமிடம் ஓடச் சொன்னார்கள். மற்றொன்றில் எவ்வளவு நேரம் என்றே சொல்லவில்லை. மூன்றையும் நிறுத்தியது 20 நிமிடத்தில்தான். ஏமாற்றப்பட்ட ஓட்டத்தில், பத்தாவது நிமிடத்துக்கும் பதினோராவது நிமிடத்துக்கும் இடையே ஓடுபவர்கள் சொன்ன சிரம மதிப்பெண் சட்டென்று ஏறியது, ஓட்டம் தந்த இன்பம் சரிந்தது. வேகமோ கூடவில்லை. இதயத் துடிப்பும் உறிஞ்சிய ஆக்சிஜனும், 20 நிமிடம் என்று தெரிந்தே ஓடியபோது இருந்தபடியே இருந்தன.

சிரமத்துக்கு மதிப்பெண் கொடுக்கும் அளவுகோலை உருவாக்கியவர் ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க். அது 6-இல் தொடங்கி 20-இல் முடிவது விசித்திரமாகத் தோன்றும். பத்தால் பெருக்கினால் இதயத் துடிப்பு ஏறக்குறையக் கிடைக்க வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. சிரம உணர்வு உடலின் உழைப்பை ஒட்டியே நகரும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது, பெரும்பாலும் அப்படித்தான் நகர்கிறது. கேப்டவுன் சோதனையின் மதிப்பு, இரண்டும் பிரிந்த ஓர் இடத்தைப் பிடித்துக் காட்டியதில்தான். களைப்பு என்பது காலும் நுரையீரலும் அனுப்பும் நேரடிச் செய்தி என்றால், அந்தப் பதினோராவது நிமிடத்துக்கு விளக்கமே இல்லை. அங்கே மாறியது, இன்னும் எவ்வளவு பாக்கி என்ற எண்ணம் ஒன்றுதான். சம்பளம் பத்து நாள் தள்ளிப்போகும் என்று மாதக் கடைசியில் கேள்விப்பட்டவருக்கு, பர்ஸில் இருக்கும் அதே பணம் திடீரென்று போதாமல் போகிறதல்லவா, அதைப் போல. உடலின் செய்திகளை வாங்கி, எதிர்பார்ப்போடு ஒப்பிட்டு மூளை சொல்லும் மதிப்பீடுதான் களைப்பு.

மனநிலையும் இந்த மதிப்பீட்டில் கை வைக்கிறது. வேல்ஸில் உள்ள பாங்கர் பல்கலைக்கழகத்தின் சாமுவேலே மார்கோரா குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 16 பேர் ஒரு நாள் 90 நிமிடம் கணினித் திரையைப் பார்த்து அலுப்பூட்டும் கவனப் பயிற்சி செய்தார்கள். இன்னொரு நாள் அதே நேரம் ஆவணப்படம் பார்த்தார்கள். பிறகு சைக்கிள் மிதித்தபோது, ஆவணப்பட நாளில் சராசரியாக 754 விநாடி தாங்கியவர்கள், மூளை சோர்ந்த நாளில் 640 விநாடியில் விட்டுவிட்டார்கள். இதயத்திலோ, தசை உழைக்கும்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட்டிலோ அதற்குக் காரணம் தென்படவில்லை. தொடக்கத்திலிருந்தே சிரமம் அதிகமாகத் தெரிந்தது. இதற்கு நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. எந்த நாளில் மூளையைக் கசக்கினோம் என்பது பங்கேற்றவர்களுக்கே தெரியும். 'இன்று முடியாது' என்ற நினைப்பே முடிவைச் சாய்த்திருக்கலாம். பின்னால் வந்த சில சோதனைகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவும் இல்லை. ஆனால் அந்த நினைப்புதான் காரணம் என்றாலும், எதிர்பார்ப்பு களைப்பை மாற்றுகிறது என்ற வாதம் பலப்படுகிறதே தவிரக் குலையவில்லை.

எதிர்பார்ப்பை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகம். ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஊக்கமருந்து போலச் செயல்படும் என்று சொல்லி, 15 கிளப் ஓட்டக்காரர்களுக்கு ஊசி மருந்து கொடுத்தார்கள். ஊசியில் இருந்தது வெறும் உப்புக் கரைசல். 3 கிலோமீட்டர் போட்டியில் அவர்கள் வேகம் 1.2 சதவீதம் கூடியது. சிரமம் குறைவாக இருந்ததாகவும் சொன்னார்கள். 1.2 தானா என்று உதடு பிதுக்குபவர்கள், 3 கிலோமீட்டர் பந்தயத்தில் ஏழெட்டு விநாடி என்ன செய்யும் என்று ஓடுபவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் எல்லாமே மனம்தானா? இல்லை. பாண்டிலிமோன் எக்கெக்காகிஸ் என்ற ஆய்வாளரின் வேலை இங்கே உதவுகிறது. பேசிக்கொண்டே ஓடக்கூடிய மிதமான வேகத்தில் ஒருவருக்கு இன்பமாகவும் இன்னொருவருக்குச் சலிப்பாகவும் இருக்கும். மனம் புகுந்து விளையாட இடம் இருக்கிறது. மூச்சிரைக்கும் எல்லையைத் தாண்டிவிட்டால் ஏறக்குறைய எல்லோருக்குமே உணர்வு கீழிறங்குகிறது. அங்கே உடலின் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது. 'வலி மனதில்தான் இருக்கிறது' என்று ஊக்கப் பேச்சாளர்கள் முழங்குவது அதனால்தான் ஆபத்து. வெயிலில் ஏறும் உடல் வெப்பம் எந்த உற்சாக வசனத்துக்கும் இறங்காது.

காலை நேரத்தில் நிதானமாக ஓடும் பெரும்பாலோர் இருப்பது மனம் புகும் அந்த முதல் வட்டத்தில்தான். ஆகவே ஓட்டம் கனக்கும் நாளில், தகுதி போய்விட்டது என்று முடிவு கட்டுமுன் நாடியைப் பாருங்கள். வழக்கமான வேகத்துக்கு வழக்கமான துடிப்பு இருந்தால், அன்றைய மனநிலையைச் சந்தேகிக்கலாம். அதே வேகத்துக்குத் துடிப்பு வெகுவாக ஏறியிருந்தால் காய்ச்சலோ, வெப்பமோ, தூக்கமின்மையோ காரணமாக இருக்கலாம். அன்று ஓட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வருவதே சரி.