அச்சும் ஆணியும்

ஓடும் தொடர்வண்டியினுள் பயணியின் கையிலுள்ள தேநீர்க் குவளை மெல்ல ஆடுகிறது. அதே நொடியில், அவருடைய இருக்கைக்குக் கீழே சுழலும் எஃகு அச்சு சம்மட்டி அடி போன்ற அதிர்ச்சிகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவ்வதிர்ச்சி பயணியை எட்டாமல் காப்பது பொறியியல் வடிவமைப்பு. அவ்வடிவமைப்பிற்கு வரம்பு வகுப்பவை தரநிலைகள்.

முறிந்த அச்சு கற்பித்த பாடம்

1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பிரான்சு நாட்டின் வெர்சாயிலிருந்து பாரிசு நகருக்குத் திரும்பிய தொடர்வண்டியின் எஞ்சின் அச்சு முறிந்தது. வண்டி தடம்புரண்டு தீப்பற்றியதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுமையைத் தாங்கப் போதிய வலிமையுடைய அச்சுகளும் ஓடஓட ஏன் முறிகின்றன என்னும் வினா பொறியாளர்களை வாட்டியது. பிரஷ்ய நாட்டு இரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் நெடுங்காலம் ஆய்வுகள் நடத்தி விடை கண்டார். ஒரே முறை ஏற்றினால் தீங்கு செய்யாத சுமைகூட, இலட்சக்கணக்கான முறை மாறிமாறித் தாக்கினால் உலோகத்தை முறித்துவிடும். இதனை உலோகச் சோர்வு என்பர். ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும்.

நம் நாட்டுப் பயணியர் பெட்டியின் புதிய சக்கரம் 915 மி.மீ. விட்டம் உடையது. 500 கி.மீ. தொலைவு செல்ல அது ஏறத்தாழ 1,74,000 முறை சுழல வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் அச்சின் மேற்பரப்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒருமுறை இழுபட்டு, ஒருமுறை அமுக்கப்படுகிறது. ஒரே இரவுப் பயணத்தில் நிகழ்வது இது.

அதிர்வின் மூன்று நிலைகள்

பேச்சு வழக்கில் இரயில் பெட்டியையே ‘போகி’ என்கிறோம். பொறியாளருக்குப் போகி என்பது, பெட்டியின் அடியில் சக்கரங்களையும் அச்சுகளையும் தாங்கும் சட்டகம். அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையே ஓர் அடுக்கு வில்லமைப்பும், சட்டகத்துக்கும் பெட்டிக்கும் இடையே மற்றோர் அடுக்கும் உண்டு. ஒவ்வோர் அடுக்கைக் கடக்கும்போதும் அதிர்ச்சி தணிகிறது.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61373ஆம் எண் தரநிலை இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது. பெட்டியின் உடலில் பொருத்தப்படும் கருவி, மேல்கீழ்த் திசையில் 30 மீ/வி² முடுக்கமுள்ள அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். போகியில் பொருத்தப்படுவது 300 மீ/வி², அச்சில் பொருத்தப்படுவது 1,000 மீ/வி² அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். இறுதி அளவு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. ஒரே கருவியாயினும், அது அமரும் இடமே அதற்குரிய தேர்வைத் தீர்மானிக்கிறது.

பொருத்துதலின் நுட்பம்

பெட்டியின் அடியில் மின்கலங்கள், காற்றுத் தொட்டிகள் முதலிய பளுவான பொருள்கள் தொங்குகின்றன. அவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டு வெறும் முளை அன்று. முறையாக முறுக்கப்பட்ட போல்ட்டு சற்றே நீண்டு, வில்போல் இழுவிசை பெற்று, இரு பகுதிகளையும் இறுக அணைக்கிறது. அவ்விறுக்கம் குறைந்தால், பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். நட்டு மெல்லமெல்லத் தளரும். ஆதலால் முறுக்கும் அளவு வரையறுக்கப்படுகிறது. போல்ட்டு, நட்டு இரண்டின் மீதும் ஒரே வண்ணக் கோடு இடும் வழக்கமும் உண்டு. கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்தது கண்ணுக்குத் தெரியும்.

இரப்பர் தாங்கிகளும் பயன்படுகின்றன. கருவியின் இயல்பு அதிர்வெண்ணும் வண்டியின் அதிர்வெண்ணும் ஒன்றினால் ஒத்ததிர்வு தோன்றி, அதிர்வு பெருகும். எனவே தாங்கியின் மென்மையும் கணக்கிட்டே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

எஷெடே தந்த எச்சரிக்கை

செருமனியின் அதிவேகத் தொடர்வண்டிகளில் முதலில் ஒரே வார்ப்பாலான சக்கரங்கள் இருந்தன. பயணியர்க்கு அதிர்வும் இரைச்சலும் தொல்லை தந்தமையால், எஃகு விளிம்புக்கும் சக்கர உடலுக்கும் இடையே இரப்பர் வைத்த சக்கரங்கள் பொருத்தப்பட்டன. 1998ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள், ஏறத்தாழ 200 கி.மீ. வேகத்தில் சென்ற வண்டியின் ஒரு சக்கர விளிம்பு சோர்வினால் முறிந்தது. விரிசல் விளிம்பின் உட்புறத்தில், எளிதில் காணவியலாத இடத்தில் தோன்றியிருந்தது. எஷெடே என்னும் ஊரருகே பெட்டிகள் தடம்புரண்டு பாலத்தின் தூணில் மோத, பாலம் இடிந்து விழுந்தது. 101 பேர் உயிரிழந்தனர். அதன்பின் அவ்வண்டிகளுக்கு மீண்டும் ஒற்றை வார்ப்புச் சக்கரங்களே பொருத்தப்பட்டன. ஒரு குறையை நீக்கச் செய்யும் மாற்றம் புதிய குறையை விளைவிக்குமா என்று ஆராய்ந்த பின்னரே அதனை ஏற்க வேண்டும் என்பதே இந்நிகழ்வு உணர்த்தும் பாடம்.

இந்திய இரயில்வேக்கான வடிவமைப்பு விதிகளை இலக்னோவிலுள்ள ஆய்வு, வடிவமைப்பு, தரநிலைகள் அமைப்பு வகுக்கிறது. 1955இல் சென்னைப் பெரம்பூரில் தொடங்கப்பெற்ற இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை பெட்டிகளை உருவாக்குகிறது. அங்கு வரைபடம் வரைபவரும், போல்ட்டை முறுக்குபவரும், பணிமனையில் விரிசல் தேடுபவரும் முகமறியாப் பயணியின் உயிருக்குப் பொறுப்பேற்கின்றனர். தரநிலை நூலின் வறண்ட எண்கள் பல, முன்னர் நேர்ந்த விபத்துகளிலிருந்து பெற்ற பாடங்கள். அவற்றை வழுவாது பின்பற்றுவது தொழில் ஒழுங்கு மட்டுமன்று. உயிர்களைப் பேணும் அறமும் ஆகும்.