கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்

ஊர் திரும்பும் அவசரத்திலும் குடும்ப அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பாடசாலைப் பத்திரங்களைக் கவனமாக எடுத்து வைப்பீர்கள். வீட்டில் ஒருவர் இருமுனை மனநிலைக் கோளாறுக்குச் சிகிச்சை பெறுகிறார் என்றால், அவருடைய கிளினிக் கொப்பியையும் அதே பையில் வையுங்கள்.

இது பேயோ செய்வினையோ அல்ல, ஒரு நோய். ஒருகாலம் மனநிலை அளவுமீறி எழும்: நித்திரையில்லாமலே உற்சாகம், ஓயாத பேச்சு, யோசியாத செலவு. இன்னொருகாலம் அடியோடு சோரும்: எழும்ப மனமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, சாக வேண்டும் என்ற எண்ணம். இடைக்காலத்தில் அவர் வழமைபோல இருப்பார். சுகமாகிவிட்டது என்று பலர் மருந்தை நிறுத்துவது அப்போதுதான். அப்படி நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

புறப்படுமுன் போதிய மாத்திரைகளையும், ஊர்ப்பக்கத்து வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு ஒரு கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

லிதியம் எடுப்பவர் வெயிலில் காணி துப்புரவாக்கும்போது அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடும். வாந்தி, வயிற்றோட்டம், கடும் கைநடுக்கம், தள்ளாட்டம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வைத்தியரைக் கேளாமல் நோ மாத்திரை கொடுக்க வேண்டாம்.

சில இரவுகள் தொடர்ந்து நித்திரை குறைந்தால் கிளினிக் திகதிவரை காத்திராதீர்கள். சாக வேண்டும் என்று சொல்பவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம்.

மருந்தும் நித்திரையும் ஒழுங்காக இருந்தால் அவரும் உங்களோடு தோட்டம் செய்வார், கடை நடத்துவார்.