நூற்றியொரு தடவை

பத்மநாபபுரம் அரண்மனைக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாது. வெறுங்காலோடு அந்தக் கறுப்புத் தரையில் நடந்து, மரச்சிற்பங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்து, முற்றத்துக்கு வந்தால் ஒரு பீடத்தின் மேல் உருண்டையாக ஒரு கல் உட்கார்ந்திருக்கும். வழவழப்பான கல். எடை ஏறத்தாழ 38 கிலோ. திருவிதாங்கூர் படையில் சேர வந்த இளைஞன் இதைத் தலைக்கு மேலே தொடர்ந்து 101 தடவை தூக்கிக் காட்ட வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் சொல்லப்படும் செய்தி.

போன முறை நான் அங்கே நின்றபோது ஒரு பையன், பத்து வயது இருக்கும், அப்பாவின் கையை இழுத்துக் கேட்டான்: “அப்பா, நூத்திரெண்டு தடவ தூக்குனா கேப்டன் ஆக்குவாங்களா?”

“பேசாம வா மக்களே” என்று அப்பா நடையைக் கட்டிவிட்டார். பையன் கேட்டதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளும் பொருளாதாரப் பேராசிரியர்களும் பல வருடமாக மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதே கேள்வியோடுதான்.

முதலில் கல். 38 கிலோவை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் ஆகும் வேலை சுமார் 370 ஜூல். 101 தடவைக்கு 37,000 ஜூலுக்குச் சற்று மேலே. கலோரிக் கணக்கில் இது வெறும் 9 கிலோகலோரி. நம் தசை, உள்ளே போகும் சக்தியில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகப் போய்விடும். அதையும் சேர்த்தால் 36. கல்லை இறக்குவதற்கு இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம். மொத்தத்தில் பாதி ஏத்தன்பழம் தாங்கும் வேலைதான்.

ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் பத்தாவது தடவையிலேயே கையை விட்டுவிடுவோம். சக்தி போதாமல் அல்ல, சக்தி வந்து சேரும் வேகம் போதாமல். தசை உடனடியாக எடுத்துச் செலவழிக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற கையிருப்பு பத்து நொடி கடும் வேலைக்கே கரைந்துவிடும். அதன் பிறகு ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அந்த வழியில் பாஸ்பேட்டும் அமிலத்தன்மையும் தசைக்குள் சேரச்சேர இழைகளின் பிடி தளர்கிறது. போதாததற்கு, இறுகிய தசை தனக்கு வரும் ரத்தக்குழாயைத் தானே நெரிக்கிறது. 101 என்ற எண் வெறும் பலத்தை அளக்கவில்லை. தோளும் நெஞ்சும் மூச்சும் எத்தனை நிமிடம் ஒன்றாக நின்று தாங்கும் என்பதை அளக்கிறது. கனத்த துப்பாக்கியைச் சுமந்து நடக்க வேண்டியவனுக்கு வைத்த பரீட்சை என்று பார்த்தால், யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நெல்லைச் சீமையின் இளவட்டக்கல் இதற்குச் சொந்தக்காரன். அங்கே எண்ணிக்கை கிடையாது. ஒரே தடவை, ஆனால் பெரிய கல். குத்தவைத்துக் கையைக் கோத்து முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சில் உருட்டி, தோளில் வைத்துப் பின்னால் போட வேண்டும். வடலிவிளை என்ற ஊரில் பொங்கலுக்கு இன்றும் தூக்குகிறார்கள், பெண்களும்தான். அந்தக் காலத்தில் தூக்கியவனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்பார்கள். தூக்கியவன் நல்ல புருஷனாக இருந்தானா என்று யாராவது கணக்கெடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு உதவியிருக்கும்.

அப்படிக் கணக்கெடுத்தவர்கள் அமெரிக்கர்கள்.

அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுபவனை ஆளோடு சாய்ப்பதுமான ஆட்டம். அதன் தொழில்முறை லீக்கில் 32 அணிகள். கல்லூரிகளில் ஆடி முடித்த பையன்களை அணிகள் ஏலம் கேட்காமல் வரிசையில் நின்று எடுத்துக்கொள்கின்றன. போன வருடம் கடைசியில் வந்த அணி முதலில் எடுக்கும், கோப்பை வென்ற அணி கடைசியில். இப்படி ஏழு சுற்று. இதற்குப் பெயர் டிராஃப்ட். 1936இல் தொடங்கியது. அந்த வருடம் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் சம்பளம் கட்டுப்படியாகாது என்று ஆட வரவே இல்லை. முதல் தேர்விலேயே கோணல்.

டிராஃப்டுக்கு முன்னால், பிப்ரவரி கடைசியில், இண்டியானாபொலிஸ் நகரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பையன்களை வரவழைத்து அளக்கிறார்கள். உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம்கூட. பிறகு 40 கஜ ஓட்டம், அதாவது 36.6 மீட்டர். நின்ற இடத்தில் எம்பிக் குதித்தல். மல்லாந்து படுத்து 102 கிலோ இரும்பை முடிந்த மட்டும் தூக்குதல். இந்தக் கடைசி அயிட்டம் நம் பத்மநாபபுரத்துக் கல்லேதான், கிடைமட்டமாகச் செய்கிறார்கள், அவ்வளவே.

1999இல் ஜஸ்டின் எர்னஸ்ட் என்ற பையன் அந்த இரும்பை 51 தடவை தூக்கினான். அதுவரை யாரும் அங்கே அத்தனை தடவை தூக்கியதில்லை. ஆனால் டிராஃப்டில் எந்த அணியும் அவனை எடுக்கவில்லை. லீக்கின் முறையான ஆட்டம் ஒன்றில்கூட அவன் இறங்கவில்லை. மறு வருடம் டாம் பிரேடி என்ற ஒல்லிப் பையன் 40 கஜத்தை 5.28 நொடியில் ஓடினான். அந்தத் தரத்தில் அது ஆமை வேகம். 198 பேரை எடுத்து முடித்த பிறகுதான் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெறும்போது அவன் கையில் லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் ஏழு வெற்றிகள் இருந்தன, வேறெந்த வீரருக்கும் இல்லாத கணக்கு.

இரண்டு கதையை வைத்துக்கொண்டு பரீட்சையே மோசம் என்று சொல்வது டீக்கடைப் பேச்சு. அதனால் புள்ளிவிவரத்துக்குப் போவோம். குஸ்மிட்ஸ், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆறு வருட டிராஃப்டில் தேர்வான மூன்று வகை ஆட்டக்காரர்களை எடுத்து, அவர்களின் பரீட்சை எண்களையும் பிறகு ஆடிய ஆட்டத்தையும் பொருத்திப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுபவர்களுக்கு ஓட்டவேகம் ஓரளவு பொருந்தியது. மற்றபடி நிலையான தொடர்பு எதுவும் தென்படவில்லை.

கேட் மேஸி என்ற ஆய்வாளரும் பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் இன்னொரு பக்கத்தால் வந்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேர் டிராஃப்டில் அடுத்தடுத்து எடுக்கப்படுகிறார்கள். முதலில் எடுத்தவன் இரண்டாமவனை விட நன்றாக ஆடுவதற்கு வாய்ப்பு எவ்வளவு? 52 சதவீதம். நாணயம் சுண்டினால் 50. இத்தனை கோடி, இத்தனை நிபுணர், இத்தனை வீடியோ, எல்லாம் சேர்ந்து நாணயத்தை விட இரண்டு புள்ளி மேலே.

அப்படியானால் ஓட்டமும் பலமும் வேண்டாமா? வேண்டும். பலர் தடுக்கிவிழும் இடம் இதுதான். கடற்கரையில் கரைமடி வலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணியை விடச் சின்ன மீனெல்லாம் தப்பிவிடும். கரைக்கு வந்து கிடப்பவை எல்லாம் குறிப்பிட்ட பருமனுக்கு மேலானவை. இப்போது அவற்றில் எது ருசி என்று கண்டுபிடிக்க ஒருவன் மறுபடியும் அளவுகோலை எடுத்தால் பக்கத்திலிருக்கும் கிழவி சிரிப்பாள். பருமன் செய்ய வேண்டிய வேலையை வலை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. இண்டியானாபொலிசுக்கு வரும் முந்நூறு பேரும் பள்ளி, கல்லூரி என்று பல வலைகளில் நின்று தேறியவர்கள். மெதுவாக ஓடுகிறவனும் பலம் குறைந்தவனும் பல வருடம் முன்பே கழிந்துவிட்டார்கள். மிஞ்சியவர்களுக்கிடையே வேகத்தில் உள்ள வித்தியாசம் மெல்லியது, அதனால் சொல்லும் சேதியும் மெல்லியது. புள்ளியியலில் இதை வீச்சுக் குறுக்கம் என்கிறார்கள்.

பத்மநாபபுரத்துக் கல் இந்த இடத்தில் எனக்குப் பிடித்துப்போகிறது. அது வரிசை போடவில்லை. 101 தூக்கினாயா, வா. தூக்கவில்லையா, வீட்டுக்குப் போ. வலை வேலை மட்டும்தான். எல்லாரும் வாசலைத் தாண்டிய பிறகு, வாசலில் வைத்த அளவுகோலையே உள்ளே கொண்டுவந்து முதல் ரேங்க், ஐந்தாவது ரேங்க் என்று போடுவதில்தான் கோளாறு பிறக்கிறது. நம் ஊர் நுழைவுத்தேர்வுகளின் நினைவு வந்தால் நான் பொறுப்பல்ல.

இந்தியாவிலும் டிராஃப்ட் நடந்திருக்கிறது, நம் கால்பந்துக்கே. ஐ.எஸ்.எல். என்ற கால்பந்து லீக் தொடங்கிய 2014இல் ஒன்று, பிறகு 2017 ஜூலை 23இல் மும்பையில் பெரிதாக ஒன்று. ஒவ்வொரு வீரருக்கும் விலைச்சீட்டு முன்பே ஒட்டியிருந்தது. அதிக விலைச்சீட்டு 1.10 கோடி. அந்த விலைக்கு ஜாம்ஷெட்பூர் அணி எடுத்தது மலப்புறத்துத் தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தொடிகாவை. அப்போது அவருக்கு வயது 30. சின்ன வயதில் ஆட்டோ ஓட்டிய ஆள். அமெரிக்க அளவுகோலோடு ஒப்பிட்டால் இதில் ஒரு நியாயம் இருந்தது. கல்லூரிப் பையனின் எதிர்காலத்தை ஊகிக்காமல், பல வருடம் லீக்கில் ஆடிக் காட்டியவனுக்கு விலை வைத்தார்கள். அதற்கு நாம் கொடுத்த விலையும் உண்டு: 30 வயது வரை ஆளைக் கண்டுபிடிக்காமல் இருந்தது.

பத்மநாபபுரத்திலிருந்து மேற்கே மார்த்தாண்டம் தாண்டி கொல்லங்கோடு பக்கம் இறங்கினால் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கடலோர ஊர்கள் வரிசையாக வரும். ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகும் ஆட்களின் ஊர்கள். அங்கே கிரிக்கெட் மட்டையை விட உதைபட்ட பந்துதான் அதிகம் கண்ணில் படும். சாயங்காலம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பார்க்கக் கூட்டம் சேரும். ஒரு பையன் பந்தை விட்டுவிட்டால் மதில் மேல் உட்கார்ந்திருக்கும் கிழவர் அவன் அப்பா ஆடிய காலத்துத் தவறையும் சேர்த்துச் சொல்வார். ஆள் தேடும் ஸ்கவுட் என்று தனியாக ஒருவர் வர வேண்டியதில்லை.

அந்த மணலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பெல்ஜியத்தில் லெஜூன் குழுவினர் 1998இல் அளந்தார்கள்: மணலில் ஓட, கெட்டித் தரையை விட 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. கால் புதைந்து மணலை நகர்த்துவதிலேயே ஒரு பகுதி போய்விடுகிறது, தசைநாரின் வில்விசையும் முழுதாகத் திரும்பக் கிடைப்பதில்லை. அங்கே வளர்ந்த பையனை ரப்பர் தடத்தில் நிறுத்தி, ஸ்பைக்ஸ் போட்டு, 40 கஜம் ஓடு என்றால் வரும் எண் அவனைப் பற்றி எவ்வளவு சொல்லும்? அவன் கற்றதெல்லாம் சீரில்லாமல் துள்ளும் பந்தை முதல் தொடுகையிலேயே அடக்குவது.

இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இப்படி வந்தவர். சென்னை சிட்டி அணிக்கு ஐ-லீக் ஆடி, 2018இல் ஜாம்ஷெட்பூர் வழியாக ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார். அதற்குள் டிராஃப்ட் முறையையே நிறுத்திவிட்டார்கள், அணிகள் நேரடியாகப் பேசி எடுத்தன. அடுத்த வருடம் ஏ.டி.கே. அந்த அணி 2019-20 கோப்பையை வென்றது. அதற்கடுத்த சீசனின் முதல் ஆட்டம் 2020 நவம்பர் 20இல் கேரளா பிளாஸ்டர்ஸுடன். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முழங்கால் போனது, சீசனும் போனது. 52 சதவீதம் போக மீதி 48 எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால், கணிசமான பகுதி முழங்காலில் என்பேன்.

இன்னொரு பகுதி பிறந்த தேதியில். ஜனவரி 1ஐக் கோடாக வைத்து வயதுப் பிரிவு போட்டால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனை விட பதினொரு மாதம் மூத்தவன். பதின்மூன்று வயதில் அது ஒரு சாண் உயரமாகவும் தெரியலாம். 1985இலேயே கனடாவின் ஐஸ் ஹாக்கியில் இதைக் காட்டிவிட்டார்கள்: தேர்வான இளைஞர்களில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள். பயிற்சியாளர் திறமை என்று நினைத்துத் தேர்ந்தது பிறந்த மாதத்தை. நம் ஊரில் பாதிப் பேருக்கு ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வாத்தியார் போட்டதுதான் பிறந்த தேதி. அதனால் இந்த ஆய்வை இங்கே செய்ய வருகிறவர் பாவம். கிரிக்கெட் வாரியம் பையன்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பது இதனால்தான்.

பையன் கேட்டதற்கு வருகிறேன். நூத்திரெண்டு தூக்கியவனைக் கேப்டன் ஆக்கினார்களா? திருவிதாங்கூரில் வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன், என்று பட்டம் பெற்றவர் டி லனாய். 1741இல் டச்சுக்காரர்களின் பக்கம் நின்று குளச்சலில் தோற்று, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்ட கைதி. அவர் கையில்தான் படைக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை ராஜா ஒப்படைத்தார். அரண்மனையிலிருந்து கொஞ்ச தூரத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. மேலே லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். அப்பாவும் பையனும் அங்கே போயிருப்பார்களோ என்னவோ.