யார் என்று கேட்காத பிஎல்சி

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ஒளு எடுக்கத் திறக்கும் குழாயிலும், அதே சாலையிலுள்ள குவான் யின் கோயில் குழாயிலும், பக்கத்துக் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் குழாயிலும் வருவது பினாங்கின் பொதுக் குடிநீர். தீவுக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதி தீவில் ஊறுவதில்லை. செபராங் பிறையிலுள்ள சுங்கை துவா ஆலை, மூடா ஆற்று நீரைச் சுத்திகரித்துக் கடலடிக் குழாய் வழியே அனுப்புகிறது. 2024 ஜனவரியில் அந்த ஆலையில் கசிந்துகொண்டிருந்த இரண்டு பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக நான்கு நாள் தண்ணீர் நிறுத்தப்பட்டது. இரண்டு வால்வை நம்பி எத்தனை வீடுகள், கடைகள், தொழிற்சாலைகள் இருக்கின்றன என்பது அப்போது மாநிலத்துக்கே புரிந்தது.

இத்தகைய வால்வுகளையும் பம்புகளையும் இன்று உலகெங்கும் இயக்குவது பிஎல்சி என்று தொழிலாளர்கள் அழைக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் எவருக்கும் இந்தப் பெயர் புதிதல்ல; கன்வேயர் நின்றால் டெக்னீஷியன் முதலில் திறப்பது பிஎல்சி இருக்கும் பேனலைத்தான். அந்தக் கருவியோடு நெட்வொர்க் கேபிள் வழியாகப் பேசுவது எப்படி, அந்தப் பேச்சில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதைத் தொழிற்சாலைக்கு வெளியே இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் எல்லார் வீட்டுக்கும் வருகின்றன.

பிஎல்சியின் ஒரு பக்கத்தில் சென்சார்களின் வயர்கள் உள்ளே வரும். மறுபக்கத்தில் மோட்டாருக்கும் வால்வுக்கும் வயர்கள் போகும். உள்ளீடுகளைப் படிப்பது, எழுதிவைத்த நிரலின்படி கணக்கிடுவது, வெளியீடுகளை மாற்றுவது ஆகிய மூன்று வேலைகளையும் சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில், அலுக்காமல் செய்துகொண்டிருக்கும். 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனம் இப்படியொரு கருவியைக் கேட்டது. அதுவரை ஆலைச் சுவரெங்கும் ரிலேக்கள் நிறைந்திருந்தன. கார் மாடல் மாறினால் ஆயிரக்கணக்கான வயர்களைக் கழற்றி மீண்டும் பூட்ட வேண்டும். அமெரிக்காவின் பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் டிக் மோர்லியும் அவருடைய தோழர்களும் செய்துகொடுத்த தீர்வுதான் மோடிகான் 084. அந்த நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதால் அந்த எண்.

நான்கே ஆண்டுகளில், 1972இல், பாயான் லெப்பாஸ் வயல்வெளிகளில் சுதந்திர வர்த்தக வட்டாரம் எழுந்தது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கேதான் திறந்தது. பினாங்கின் தொழில்மயமும் பிஎல்சியும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை.

தொடக்கத்தில் பிஎல்சியோடு பேச சீரியல் கேபிள் வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி பிளக் வேறு, வயர் வரிசை வேறு. 1979இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் என்னும் எளிய உரையாடல் முறை, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்பதால் பரவியது. அலுவலகக் கணினிகளை இணைக்க 1973இல் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பாப் மெட்காஃப் வடிவமைத்த ஈதர்நெட் தொழிற்சாலைக்குள் வரத் தாமதமானது. பொதுக் கேபிளில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதும். எப்போது போய்ச் சேரும் என்று உறுதியில்லாத தகவலை நம்பி இயந்திரம் ஓட்ட முடியாது. ஒவ்வொரு கருவிக்கும் தனிப்பாதை தரும் சுவிட்ச்கள் மலிவானதும் அந்தத் தயக்கம் போனது. 1999இல் மோட்பஸும் ஈதர்நெட்டுக்கு மாறியது.

இணைக்கும் முறை இதுதான். பேனலைத் திறந்து, சாதாரண ஆர்ஜே-45 கேபிளின் ஒரு முனையைப் பிஎல்சியிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செருக வேண்டும். பிஎல்சியின் ஐபி முகவரி 192.168.0.1 என்றால் லேப்டாப்புக்கு 192.168.0.241 என்பதுபோல் அதே குடும்பத்தில் வேறொரு எண்ணைக் கையால் கொடுக்க வேண்டும். அந்த எண் ஏற்கெனவே வேறு கருவிக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் இரண்டும் விட்டுவிட்டுத் தொடர்பிழக்கும். அரை நாளைத் தின்றுவிடும் பழுது அது. பிங் என்னும் சோதனைச் செய்தியை அனுப்பிப் பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு, எந்த உரையாடல் முறைக்கு எந்த வாசல் என்று சொல்லும் போர்ட் எண். மோட்பஸுக்கு 502, சீமென்ஸ் எஸ்7 வரிசைக்கு 102, ராக்வெல் கருவிகளின் ஈதர்நெட்/ஐபி முறைக்கு 44818. பிஎல்சி தன் மதிப்புகளை வைத்திருக்கும் இடத்துக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். கையேட்டில் 40001 என்று அச்சிட்டிருக்கும் ரெஜிஸ்டர் கேபிளில் 0 என்றே போகும் என்பதும் புதியவர்களைத் தடுமாற வைக்கும். ஒன்று தள்ளிப் படித்தால் தொட்டியின் நீர்மட்டத்துக்குப் பதில் மோட்டாரின் வேகம் திரையில் வந்து நிற்கலாம்.

லேப்டாப் கேட்கும் கேள்வி எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

00 01 00 00 00 06 01 03 00 00 00 02

பன்னிரண்டே பைட்டுகள். முதல் இரண்டும் கேள்வியின் வரிசை எண். அடுத்த இரண்டு, இது மோட்பஸ் என்பதற்கு அடையாளம். பிறகு, இன்னும் ஆறு பைட்டுகள் வருகின்றன என்ற தகவல். எந்தக் கருவிக்கு என்ற எண். அதையடுத்த 03க்குப் பொருள் ‘படி’. கடைசி நான்கும் சொல்வது: 0ஆம் இடத்திலிருந்து இரண்டு ரெஜிஸ்டர்களை. இந்த வரியில் 03 இருக்கும் இடத்தில் 06 போட்டால் பொருள் தலைகீழாகிறது. ‘0ஆம் இடத்தில் 2 என்று எழுது’ என்பது அதன் பொருள். அந்த ரெஜிஸ்டரில் இருப்பது பம்பின் வேக அளவு என்றால் பம்பின் வேகம் மாறும். பார்ப்பதற்கும் ஆட்டிவைப்பதற்கும் இடையே இருப்பது ஒரே ஒரு பைட்.

இந்தப் பன்னிரண்டில் அனுப்புபவர் யார் என்று சொல்ல இடமே இல்லை. கடவுச்சொல் கிடையாது, கையொப்பம் கிடையாது. 1979இல் வடிவமைத்தவர்களைக் குறைசொல்ல முடியாது. அப்போது கேபிள் சில மீட்டர் நீளம்தான். பேனல் அறைக்குச் சாவி வைத்திருப்பவர் ஃபோர்மேன். உள்ளே வந்தவர் வரத் தகுந்தவர்தான் என்ற நம்பிக்கையில் தவறில்லை. அறைக்குள் பொருந்திய அந்த நம்பிக்கையை அப்படியே உலகத்துக்குத் திறந்துவிட்டதுதான் பிழை. கடவுச்சொல் வைக்கும் வசதியுள்ள கருவிகளிலும் பலர் அதை மாற்றுவதில்லை.

2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலிக்விப்பா என்னும் சிற்றூரின் குடிநீர் வாரியத்தில் நடந்தது இதற்குச் சான்று. நீரழுத்தத்தைக் கவனிக்கும் யூனிட்ரானிக்ஸ் பிஎல்சி ஒன்றுக்குள் ஊடுருவியவர்கள் அதன் திரையில் அரசியல் மிரட்டல் வாசகத்தைத் தோன்றச் செய்தார்கள். ஊழியர்கள் அந்த நிலையத்தைக் கைமுறை இயக்கத்துக்கு மாற்றியதால் விநியோகத்துக்குப் பாதிப்பில்லை. தொடர்ந்து அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை, இத்தகைய கருவிகளில் தயாரிப்பாளர் வைத்துத் தந்த கடவுச்சொல்லான 1111ஐ மாற்றுங்கள், இணையத்தோடு நேரடியாக இணைத்திருந்தால் துண்டியுங்கள் என்று எல்லா நிலையங்களுக்கும் எச்சரிக்கை விட்டது.

அப்படியானால் கேபிளையே பிடுங்கிவிட்டால் பாதுகாப்புத்தானே என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையம் 2019 அக்டோபர் 29 அன்று ஏறக்குறைய அதைத்தான் சொன்னது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குகின்றன, அவற்றின்மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை. மறுநாளே இந்திய அணுமின் கழகம், ஒரு கணினியில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்றும் செப்டம்பர் 4ஆம் தேதியே தகவல் வந்தது என்றும் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்காக இணையத்தில் இருந்த கணினி. உலையை இயக்கும் நெட்வொர்க் அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. அந்தப் பிரிவினை காப்பாற்றியது என்பதை மனமார ஏற்கிறேன். ஆனால் பிரிவினை மட்டும் என்றைக்கும் போதும் என்று நம்ப முடியாது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நத்தான்ஸ் ஆலையில் இணையத் தொடர்பில்லாத சீமென்ஸ் கருவிகளை எட்டியது. யூஎஸ்பி வழியாகப் பரவி, பிஎல்சிக்கு நிரல் ஏற்றும் கணினியில் அது குடியேறியது. எந்தத் தனித்த கருவிக்கும் ஒருநாள் யாரோ ஒருவர் லேப்டாப்பைச் செருகத்தான் வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் இதைவிடச் சாதாரணமான ஓட்டை ஒன்று உண்டு. இயந்திரம் விற்ற நிறுவனம் தூரத்திலிருந்தே பழுது பார்ப்பதற்காகப் பேனலுக்குள் சிம் கார்டு போட்ட ஒரு மோடத்தைப் பொருத்திவிட்டுப் போகும். உத்தரவாதக் காலம் முடிந்தபின்னும் அது மின்னிக்கொண்டே இருக்கும். ஆலையின் ஐடி பிரிவுக்கு அதைப் பற்றித் தெரியாது. பராமரிப்புப் பிரிவுக்கோ அது பழகிப்போன பெட்டி.

எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள் என்று சொல்வது எளிது. சான்றிதழ் சரிபார்த்தே பேசும் ஓபிசி யுஏ என்னும் உரையாடல் முறை இருக்கிறது. மோட்பஸுக்கே 2018இல் குறியாக்கத்தோடு, 802ஆம் போர்ட்டில், பாதுகாப்பான வடிவம் வந்துவிட்டது. ஆனால் நன்றாக ஓடும் பிஎல்சியை இருபது ஆண்டுகள் ஆவதற்கு முன் யாரும் கழற்றுவதில்லை. ஆகவே பழைய கருவிக்குக் கேட்கத் தெரியாத ‘யார்?’ என்ற கேள்வியை அதன் முன்னால் நிற்கும் நெட்வொர்க்தான் கேட்க வேண்டும். அலுவலக நெட்வொர்க்கும் இயந்திர நெட்வொர்க்கும் தனித்தனியாக இருக்க வேண்டும், நடுவில் ஃபயர்வால் வேண்டும். வெளியிலிருந்து வருபவர் விபிஎன் வழியாக, தன் பெயரில், வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும் வரட்டும். முன்முகப்பில் சாவி உள்ள பிஎல்சியில், நிரல் ஏற்றி முடித்ததும் அதை ‘ரன்’ நிலைக்குத் திருப்பிச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு ஒரு ரிங்கிட்டும் செலவில்லை.

மலேசியாவின் 2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் உள்ளது. குடிநீரும் எரிசக்தியும் உட்பட 11 துறைகளின் முக்கியக் கட்டமைப்புகளை அது கண்காணிப்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் முதல் தகவல் போயாக வேண்டும். இயந்திர நெட்வொர்க்கில் யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவே வைத்திராத இடத்தில் அந்த ஆறு மணி நேரத்தில் எதைச் சொல்ல முடியும்? மோட்பஸைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஃபயர்வால்கள் சந்தையில் கிடைக்கின்றன. தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்க்க மட்டுமே வேண்டிய அலுவலகக் கணினிக்கு 03ஐ அனுமதித்து 06ஐத் தடுக்க அவற்றில் ஒரு விதி எழுதினால் போதும். புதிய உற்பத்தி லைன் ஒப்படைக்கப்படும் நாளில், கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த விதி எழுதப்பட்டிருக்கிறதா என்று டெக்னீஷியன் கேட்கலாம்; பேனலில் சிம் கார்டு மோடம் ஏதும் இருக்கிறதா என்றும் கேட்கலாம்.